பின்புறத்தில் பெயர் எழுதாத கலங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விண்குப்பை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செயற்கைக்கோள்கள் பெருகும் வேகத்தையும் மோதல் அபாயத்தையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். கடைசிப் பத்தியில்தான் எனக்கு இடறியது. விண்வெளி யாருக்கும் சொந்தமில்லாதது என்பதால் அங்கே சுற்றும் பழைய பொருட்களும் கேட்பாரற்றவை என்ற பொருள்பட எழுதியிருந்தார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி முழுத் தவறு. நடுக்கடலும் யாருக்கும் சொந்தமில்லைதான். அதற்காக அங்கே போகும் கப்பல் கேட்பாரற்றதாகிவிடாது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. 31 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் இருந்தவன். பயிற்சி மாலுமியாக ஏறி, கேப்டனாக இறங்கினேன். விண்வெளிச் சட்டத்தில் ஒரு கடலோடிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது என்று காட்டத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சீஃப் ஆபிசராக இருந்த காலத்தில் விடிகாலை 4 முதல் 8 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் பிரிட்ஜில் என் முறை. சூரியன் மறைந்த பிறகும் அடிவானக் கோடு கண்ணுக்குத் தெரிகிற சிறிது நேரம் உண்டு. செக்ஸ்டன்ட் என்ற கோணமானியால் விண்மீன் உயரத்தை அளக்க அந்த நேரம்தான் வாய்க்கும். சுவாதியை ஒரு பக்கம், கேட்டையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கையில், மினுங்காமல் ஒரே சீராக ஒரு ஒளிப்புள்ளி குறுக்கே போகும். விமானம் என்றால் சிவப்பு, பச்சை விளக்கு தெரியும். இதில் எதுவும் இராது. எதிரே ஒரு கப்பல் தென்பட்டால் அதன் பெயர் என்ன, எந்தக் கொடி (அதாவது எந்த நாட்டில் பதிவானது), எங்கே போகிறது என்று அறிந்துகொள்வது எங்கள் பிழைப்பின் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தில், இந்தப் புள்ளி எந்தக் கொடி என்று மனம் கேட்கும். நேரம், திசை, தோராயமான உயரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். அப்படி ஐந்து நோட்டுகள் நிரம்பின. ஓய்வுபெற்ற பிறகு அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு விடை தேடத் தொடங்கினேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் வியன்னாவில் உள்ள ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகம். அங்கேதான் உலகத்தின் விண்பொருள் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்க வழிவிட வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட விதி.

ஸ்புட்னிக் 1957 அக்டோபர் 4 அன்று மேலே போனது. நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 20 அன்று, ஐ.நா. பொதுச்சபை 1721 என்ற தீர்மானத்தில் விண்ணில் ஏவும் நாடுகள் எல்லாம் விவரத்தை உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 1962 முதல் பதிவேடு தொடங்கிவிட்டது. இது வேண்டுகோள் மட்டுமே, கட்டாயம் இல்லை. பிறகு 1967-இல் வந்த விண்வெளி ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். ஒரு பொருள் எந்த நாட்டின் பதிவேட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டுக்கே அதன் மீது அதிகாரமும் கட்டுப்பாடும் உண்டு என்கிறது அது. அந்தப் பொருள் விண்ணில் இருந்தாலும் பூமிக்குத் திரும்பி விழுந்தாலும் அதன் உடைமை மாறாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் கட்டுரையாளருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இந்த ஒரு பிரிவிலேயே அடங்கிவிடும். பத்தாண்டுகளாகச் செத்துக் கிடக்கும் செயற்கைக்கோளும், எரிபொருள் தீர்ந்து சுற்றும் ராக்கெட்டின் மேலடுக்கும், உடைந்து விழுந்த இரும்பு வளையமும் இன்னொருவர் பொருள்தான். 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் அருகே கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளையை நினைவிருக்கிறதா? பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கின் பகுதியாகவே அது இருக்கக்கூடும் என்று ஆஸ்திரேலிய விண்வெளி முகமை அறிவித்தது. ஐ.நா. ஒப்பந்தங்களின் கடமைகளை மனத்தில் கொண்டு இந்தியாவுடன் பேசிவருவதாகவும் சொன்னது. கரையில் கண்டெடுத்தவருக்கு அது சொந்தம் என்று எவரும் சொல்லவில்லை.

கட்டாயப் பதிவு வந்தது பிறகுதான். விண்ணில் ஏவப்படும் பொருட்களைப் பதிவு செய்வதற்கான ஒப்பந்தத்தைப் பொதுச்சபை 1974 நவம்பர் 12 அன்று ஏற்றது. 1975 ஜனவரி 14 அன்று கையெழுத்துக்கு வைத்தது. 1976 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியா 1982-இல் சேர்ந்தது. ஒவ்வொரு ஏவும் நாடும் சொந்தமாக ஒரு தேசியப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து ஐந்து விவரங்களை ஐ.நா. தலைமைச் செயலருக்கு அனுப்ப வேண்டும். ஏவிய நாடு எது, பொருளின் அடையாளக் குறியீடு அல்லது பதிவு எண் என்ன, எந்த நாளில் எங்கிருந்து ஏவப்பட்டது, பாதையின் அளவுகள் என்ன, பொதுவாக அதன் பணி என்ன. பாதை என்றால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், நிலநடுக்கோட்டுக்குச் சாய்வு, பூமிக்கு மிகத் தொலைவான புள்ளி, மிக அருகான புள்ளி. அவ்வளவுதான். ஒரு கப்பலின் பதிவுச் சான்றைப் பார்த்துப் பழகிய எனக்கு இது எவ்வளவு மெலிந்த தாள் என்று புரிய நேரமாகவில்லை. எடை கிடையாது. உரிமையாளர் பெயர் கிடையாது. யார் இயக்குகிறார் என்பது கிடையாது. எரிபொருள் என்ன, உள்ளே அணு உலை இருக்கிறதா என்பதும் கிடையாது.

பொதுவான பணி என்ற கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோவியத் காலத்துக் காஸ்மாஸ் செயற்கைக்கோள் வரிசைக்குப் பக்கம் பக்கமாக ஒரே வாசகம்: மேல் வளிமண்டலத்தையும் புறவெளியையும் ஆராய்தல். வேவுக் கலம், கடற்படையைக் கண்காணிக்கும் கலம், உண்மையான ஆய்வுக் கலம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வரி. அமெரிக்காவும் தன் பங்குக்கு, வானிலை அல்லது தகவல் தொடர்பு போன்ற நடைமுறைப் பயன்களில் ஈடுபட்ட கலம் என்று ஒரு பொது வரியை அச்சடித்தது போலத் திரும்பத் திரும்ப எழுதியது. கப்பலில் சரக்குப் பட்டியலைத் தாண்டி ஒரு பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பயணம் செய்தவன் நான். தெரியாத பெட்டி தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

காஸ்மாஸ் 954 அப்படிப்பட்ட ஒரு பெட்டி. உள்ளே அணு உலையோடு 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் வடமேற்கில், பனி மூடிய நிலத்தில் சிதறி விழுந்தது. கதிரியக்கத் துண்டுகளை மாதக்கணக்கில் தேடிப் பொறுக்கினார்கள். 1972-ஆம் ஆண்டின் பொறுப்பு ஒப்பந்தப்படி, தரையிலோ பறக்கும் விமானத்துக்கோ சேதம் நேர்ந்தால் ஏவிய நாடு தவறு செய்ததா என்ற கேள்வியே எழாது. கொடுத்தே ஆக வேண்டும். கனடா 60 லட்சம் கனடா டாலருக்குச் சற்று மேல் கேட்டது. 1981-இல் சோவியத் ஒன்றியம் 30 லட்சம் கொடுத்தது. பாதித்தொகையைக் கூட வாங்க முடிந்தது எதனால்? அது யாருடையது என்பதில் சந்தேகம் இல்லாததால்தான். உடைமையாளரை அடையாளம் காட்டுவது பதிவின் வேலை. அடையாளம் இல்லையென்றால் 1972 ஒப்பந்தம் எழுதி வைத்த காகிதம், அவ்வளவே.

விண்ணில் மோதல் நடந்தால் நிலைமை வேறு. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில், வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33 என்ற செயற்கைக்கோளும் செயலிழந்த காஸ்மாஸ் 2251-உம் மோதின. கண்காணிக்கக்கூடிய துண்டுகள் மட்டுமே இரண்டாயிரத்தைத் தாண்டின. விண்ணில் ஒன்றுக்கொன்று சேதம் என்றால் தவறு யாருடையது என்று மெய்ப்பிக்க வேண்டும். கடலில் மோதல் தவிர்ப்பு விதிகள் இருக்கின்றன. யார் வழிவிட வேண்டும் என்பதை ஒரு பயிற்சி மாலுமியே சொல்லிவிடுவான். மேலே அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. இழப்பீடு கேட்டு எந்த நாடும் முறைப்படி வழக்குக் கொண்டுபோகவில்லை. இரிடியம் 33 ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காக, ரஷ்ய புரோட்டான் ராக்கெட்டில், கஜகஸ்தானில் உள்ள பைக்கனூரிலிருந்து 1997-இல் போனது. அதற்கு ஏவும் நாடு எது? ஒப்பந்தத்தின்படி ஏவுகிற நாடு, ஏவுவதற்கு ஏற்பாடு செய்கிற நாடு, எந்த நாட்டின் நிலத்திலிருந்து ஏவப்படுகிறதோ அந்த நாடு, எந்த நாட்டின் ஏவுதளம் பயன்படுகிறதோ அந்த நாடு, இவை எல்லாமே ஏவும் நாடுகள். பொறுப்பு அனைவருக்கும் உண்டு. பதிவு மட்டும் ஒருவருடையது. யார் பதிவது என்று அவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். பேசவில்லையென்றால்? அதற்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லை.

பேசி முடித்தால் எவ்வளவு அழகாக நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியான ஜார்யா ரஷ்யாவில் கட்டப்பட்டு, 1998 நவம்பர் 20 அன்று பைக்கனூரிலிருந்து ரஷ்ய ராக்கெட்டில் ஏறியது. ஆனால் பணம் கொடுத்தது அமெரிக்கா, பதிவும் அமெரிக்காவுடையது. நிலையத்தின் ஒவ்வொரு பகுதியையும் அதைத் தந்த கூட்டாளி தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வது என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஒன்றோடொன்று கோத்த ஒரே வீட்டில் அறைக்கு ஒரு கொடி. குழப்பம் இல்லாமல் ஓடுகிறது.

கடலோடிகளுக்கு இன்னொரு கதை பிடிக்கும். 1999 மார்ச்சில் பசிபிக் கடலின் நடுவே, நிலநடுக்கோட்டில் மிதக்கும் ஒடிசி என்ற மேடையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. நிறுவனத்தின் பெயர் சீ லான்ச். அமெரிக்க, ரஷ்ய, உக்ரைன், நார்வே நிறுவனங்கள் அதில் பங்காளிகள். மேடை லைபீரியக் கொடியின் கீழ் பதிவானது. சட்ட அறிஞர்கள் ஏவும் நாடு யார் என்று கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினார்கள். நான் லைபீரியக் கொடியில் ஆறு ஆண்டுகள் ஓடியவன். அந்த நாட்டின் துறைமுகம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, மாலுமி ஒரு நாடு, சரக்கு ஒரு நாடு என்ற அந்த ஏற்பாடு விண்ணுக்கும் போகப்போகிறது என்று அன்றே எனக்குப் பட்டது.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. நான் கேப்டனாக இருந்த ஒரு மொத்தச் சரக்குக் கப்பல் கைமாறியது. பழைய கொடியை இறக்கிப் புதிய கொடி ஏற்ற வேண்டும். அதற்குப் பழைய பதிவகம் டெலிஷன் சர்டிபிகேட் தர வேண்டும். பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டது என்ற சான்று. ஒரு கப்பல் ஒரே நேரத்தில் இரண்டு பதிவேடுகளில் இருக்கக் கூடாது. எதிலும் இல்லாமல் இருக்கவும் கூடாது. ஏதோ ஒரு கட்டணம் கட்டியதற்கு ரசீது சேரவில்லை என்று பழைய பதிவகம் சான்றைத் தராமல் இழுத்தது. 11 நாட்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் கிடந்தோம். கப்பலின் பின்புறத்தில் பலகை கட்டித் தொங்கவிட்டு, போசனும் (மாலுமிகளின் தலைவர்) இன்னொரு மாலுமியும் பழைய பெயரையும் பழைய துறைமுகத்தின் பெயரையும் கறுப்புப் பெயின்ட் பூசி மறைத்திருந்தார்கள். எழுத்துகளின் விளிம்பு வெல்டிங் செய்யப்பட்டது. பெயின்டுக்கு அடியிலும் தடித்துத் தெரிந்தது. புதிய பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. இரவில் ஏதாவது மோதினால் எந்த நாட்டுச் சட்டம், எந்த நாட்டு நீதிமன்றம், என் ஆட்களுக்கு யார் பொறுப்பு என்று நினைத்து நினைத்து அந்த 11 இரவுகளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. பின்புறத்தில் ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது: ஐ.எம்.ஓ. எண். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1987-இல் கொண்டுவந்து 1996-இல் கட்டாயமாக்கிய ஏழு இலக்க எண். பெயர் மாறலாம், கொடி மாறலாம், முதலாளி மாறலாம். கட்டிய நாள் முதல் உடைக்கும் நாள் வரை அந்த எண் கப்பலோடு இருக்கும்.

விண்பொருள் கைமாறினால் என்ன நடக்கும் என்று பதிவு ஒப்பந்தத்தில் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. 1974-இல் செயற்கைக்கோளை விற்பது, வாங்குவது என்ற எண்ணமே பெரிதாக இல்லாததால் எழுதாமல் விட்டிருக்கலாம். பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியபோது, ஏசியாசாட், ஆப்ஸ்டார் செயற்கைக்கோள்கள் பிரிட்டனின் பதிவிலிருந்து சீனாவின் பதிவுக்குப் போயின. இரு நாடுகளும் ஐ.நா.வுக்கு எழுதித் தெரிவித்தன, ஒழுங்காக நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் இன்டெல்சாட் என்ற பன்னாட்டுத் தகவல் தொடர்பு அமைப்பின் சில செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நெதர்லாந்தில் இருந்த ஒரு நிறுவனத்துக்குக் கைமாறின. நெதர்லாந்து சொன்ன நிலைப்பாடு யோசிக்க வைக்கிறது: நாங்கள் இவற்றை ஏவவில்லை, ஆகவே ஏவும் நாடு அல்ல, ஏவும் நாடு அல்லாதவர் ஒப்பந்தப்படி பதிய முடியாது, ஆனாலும் 1967 ஒப்பந்தப்படி இவற்றின் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பேற்கிறோம். நேர்மையான பதில். ஆனால் சட்டத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை! ஏவும் நாடு என்ற பட்டம் ஒருமுறை ஒட்டினால் என்றைக்கும் உரியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏவி, விற்று, கை கழுவிய நாடு, இன்று வாங்கியவன் செய்யும் தவறுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வரலாம். வாங்கியவனின் நாடோ பதிவேட்டில் நுழைய வழியில்லாமல் வெளியே நிற்கிறது. நங்கூரத்தில் கிடந்த என் 11 இரவுகள் நினைவுக்கு வருகின்றன.

அடுத்தது காலக்கெடு. பதிவு விவரத்தை நடைமுறையில் இயன்ற அளவு விரைவாக அனுப்ப வேண்டும் என்கிறது ஒப்பந்தம். எத்தனை நாள்? சொல்லவில்லை. சிலர் சில வாரங்களில் அனுப்புகிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பதிவாகாமலே போனவையும் உண்டு. எல்லாமே ஏவிய பிறகுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு கப்பல் தாள் இல்லாமல் கடலுக்குள் போய்விட்டு, திரும்பி வந்ததும் பதிந்துகொள்கிறேன் என்றால் எந்தத் துறைமுக அதிகாரி விடுவார்? 2018 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. சி40-இல் போன பல சிறு செயற்கைக்கோள்களில், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஸ்பேஸ்பீ என்ற நான்கு சின்னஞ்சிறு கலங்களும் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய கையடக்கப் புத்தகத்தின் அளவு. மிகச் சிறியவை, தரையிலிருந்து கண்காணிக்கக் கடினம் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் முந்தைய மாதமே அனுமதி மறுத்திருந்தது. இருந்தும் ஏறிவிட்டன. அந்த நிறுவனம் பின்னர் 9 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்தது. ஏவுவதற்கு முன்பே எண் கொடுத்து, அந்த எண்ணைக் காட்டினால்தான் ராக்கெட்டில் இடம் என்றிருந்தால் இது நடந்திருக்காது.

அடையாளக் குறியும் அப்படித்தான். பொருளின் மேல் எண்ணைப் பொறிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஒப்பந்தம் உருவான காலத்திலேயே கடுமையாக வாதாடினார்கள். எரிந்து விழும் பொருளில் எழுத்து எப்படி நிற்கும் என்று எதிர்வாதம் வந்தது. முடிவில், குறி பொறித்திருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு 'இருந்தால்' போட்டு முடித்துவிட்டார்கள். எரியாமல் தப்பி விழுபவை எவை என்பது இன்று எல்லோருக்கும் தெரியும்: டைட்டானியம் கோளங்கள், அழுத்தக் கலன்கள், தடித்த வளையங்கள். 2022 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து மக்கள் தலைக்கு மேலே நெருப்புக் கோடுகளைப் பார்த்தார்கள். ஒரு பெரிய உலோக வளையமும் கோளங்களும் கிடைத்தன. சீன ராக்கெட் ஒன்றின் மேலடுக்காக இருக்கலாம் என்று பாதையைக் கணக்கிட்டு வெளி ஆய்வாளர்கள் சொன்னார்கள். வளையத்தில் ஏழு இலக்கம் வெல்டிங் செய்திருந்தால் கணக்கு எதற்கு?

எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது சால்வேஜ், அதாவது ஆபத்தில் சிக்கியதை மீட்கும் விஷயம். கடலில் ஆபத்தில் இருக்கும் கப்பலை அந்நியன் காப்பாற்றினால் அவனுக்கு வெகுமதி உண்டு. நூற்றாண்டுகளாக வரும் வழக்கு. முதலாளி கைவிட்ட சிதிலத்தை வழியில் ஆபத்து என்று அகற்றவும் சட்டம் இருக்கிறது. விண்ணில் எதுவும் இல்லை. பதிவு நாட்டின் சம்மதம் இல்லாமல் ஒரு செத்த செயற்கைக்கோளைத் தொடக்கூடாது. அது ஐம்பது ஆண்டுகளாகச் செத்துக் கிடந்தாலும் சரி. ஐரோப்பிய விண்வெளி முகமையின் என்விசாட் செயற்கைக்கோள் 2002-இல் ஏறி, 2012 ஏப்ரலில் பேச்சை நிறுத்தியது. எட்டு டன் எடை. ஆபத்தான உயரத்தில் இன்றும் சுழன்றுகொண்டிருக்கிறது. யாராவது போய் இழுத்து வர வேண்டுமென்றால் முதலில் அந்த முகமையிடம் கேட்க வேண்டும். கேட்க முகவரியாவது இருக்கிறது. முகவரியே இல்லாத ராக்கெட் அடுக்குகள் எத்தனை! சில நாடுகள் மேலடுக்குகளையும் பதிகின்றன, சில பதிவதில்லை. ஏவு வாகனமும் அதன் பகுதிகளும் விண்பொருளே என்று ஒப்பந்தத்தின் முதல் பிரிவு தெளிவாகச் சொல்லியும் இப்படி. 2024-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் அட்ராஸ்-ஜே கலம் ஒரு பழைய ராக்கெட் மேலடுக்கை ஏறத்தாழ 15 மீட்டர் தூரம்வரை நெருங்கிப் படம் பிடித்தது. அருமையான மாலுமித்தனம் என்று நான் கைதட்டினேன். அந்த மேலடுக்கும் ஜப்பானுடையதே என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த வீட்டுக் குப்பையிலிருந்துதான் தொடங்க முடிந்திருக்கிறது.

சம்மதம் இருந்தால் முடியும் என்பதை 1984 நவம்பரிலேயே காட்டிவிட்டார்கள். தவறான பாதையில் சிக்கிய பலபா பி2, வெஸ்டார் 6 என்ற செயற்கைக்கோள்கள் இரண்டையும் டிஸ்கவரி விண்ஓடத்தில் போய்க் கைகளால் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். இழப்பீடு கொடுத்திருந்த காப்பீட்டாளர்கள் அதற்கு ஏற்பாடு செய்தார்கள். பலபா 1990-இல் மீண்டும் ஏறியது. காப்பீட்டாளர் பணம் கொடுத்து, சிதிலத்தை மீட்டு, விற்று நஷ்டத்தைக் குறைப்பது; இதைவிடச் சுத்தமான கடல் வழக்கம் உண்டா?

விண்ணில் சுற்றும் பொருட்களைப் பற்றிய அமெரிக்க ராணுவத்தின் கண்காணிப்புப் பட்டியல் இருக்கிறதே, பதிவேடு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். ராடார் இருக்கிறதே, கப்பல் பதிவு எதற்கு என்று கேட்பதைப் போன்றது அது. ராடார் திரையில் தெரியும் புள்ளி எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்று சொல்லும். அதன் பெயரில் யாரை நீதிமன்றத்துக்கு அழைப்பது என்று சொல்லாது. 2007 டிசம்பரில் பொதுச்சபை 62/101 என்ற தீர்மானத்தில் நல்ல பரிந்துரைகளைத் தந்தது: நேரத்தை எல்லோரும் ஒரே முறையில் எழுதுங்கள், அளவுகளை ஒரே அலகில் தாருங்கள், இயக்கம் கைமாறினால் தெரிவியுங்கள், பாதையிலிருந்து விழுந்துவிட்டால் அந்த நாளைத் தெரிவியுங்கள். எல்லாம் சரி. பரிந்துரை என்பதால் செய்யாதவரைக் கேட்க ஆளில்லை.

ஆண்டுக்குச் சில நூறு பொருட்கள் ஏறிய காலத்தில் இந்த மெலிந்த பதிவேடு எப்படியோ தாங்கியது. இப்போது ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் ஏறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக ஏவும் செயற்கைக்கோள்கள். ஐந்தாறு ஆண்டுகளில் எரிந்து விழ, அதே இடத்துக்குப் புதியவை போகும். பிறப்பும் இறப்பும் இப்படி வேகமாக நடக்கும் ஊரில் கணக்கர் தூங்கினால் என்ன ஆகும்?

ஒப்பந்தத்தையே திருத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுபது நாடுகள் உட்கார்ந்து ஒத்துக்கொள்வது எளிதல்ல என்பது தெரியும். ஏவுதளம் வைத்திருக்கும் நாடுகள் சிலவே. அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் உள்நாட்டு அனுமதிச் சட்டத்தில், எந்த நாட்டின் பதிவேட்டில் ஏறப்போகிறது என்ற எழுத்துமூலமான உறுதி இல்லாமல் எந்தக் கலத்தையும் ராக்கெட்டில் ஏற்றமாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்; பெரும்பகுதி சரியாகிவிடும். கப்பல் உலகத்திலும் துறைமுக நாடுகள் கண்டிப்பான பிறகே கொடி நாடுகள் ஒழுங்குக்கு வந்தன. விற்பனைக்கும் அதுவே வழி: வாங்குபவனின் நாடு ஏற்கிறது என்ற கடிதம் வராமல் விற்பவனின் நாடு பதிவிலிருந்து விடக் கூடாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஏவுதலையும் முதல் பக்கத்தில் படத்தோடு போடுகிறீர்கள். ராக்கெட்டின் உயரம், எடை, எத்தனை நிமிடத்தில் பிரிந்தது என்பதெல்லாம் வருகிறது. இனி அந்தச் செய்தியின் கடைசியில், உள்ளே போன கலங்கள் எந்தெந்த நாட்டின் பதிவேட்டில் ஏறுகின்றன என்ற ஒரு வரியையும் நிருபர்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்றே அச்சிடுங்கள். என் ஐந்து நோட்டுகளிலும் குறித்த புள்ளிகளில் பாதிக்கு மேல் இன்னும் பெயர் எழுதாமல் கிடக்கின்றன. உங்கள் செய்தியை வெட்டி அவற்றின் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரக்குக் கப்பல் கேப்டன் ஒருவர்